விறைத்த அயிலையின் வேதியியல்

குளச்சல் கரையில் வள்ளத்திலிருந்து இறங்கும் அயிலையும் சாளையும் சிறிது நேரத்தில் வால் வளையாத அளவுக்கு விறைத்துவிடுவதையும், மீன் வாங்குவோர் அவ்விறைப்பைக் கண்டே அது புதுமீன் என்று தெளிவதையும் நாஞ்சில் நாட்டார் நன்கறிவர். இறுகுவதற்குத்தான் ஆற்றல் வேண்டும் என்று தோன்றினாலும், இவ்விறைப்பு தசையில் ஆற்றல் தீர்ந்துபோவதால் வருவதாகும்.

உயிரணுக்களின் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு ஏடிபி. அதாவது, மூன்று பாஸ்பேட் தொகுதிகளைக் கோத்து வைத்திருக்கும் அடினோசின் டிரைபாஸ்பேட். 1929ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும், ஹார்வர்டில் பிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் இதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சுப்பாராவின் பெயரைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம். தசையின் கட்டுமானப் பொருள் என்று மட்டுமே கருதப்பட்ட மயோசின் என்னும் புரதமே ஏடிபியைச் சிதைக்கும் நொதியாகவும் விளங்குகிறது என்பதை 1939இல் சோவியத் நாட்டின் எங்கல்ஹார்ட், லியூபிமோவா இணையர் காட்டினர்.

மயோசினின் தலைப்பகுதியில் உள்ள சிறு குழிவில், மக்னீசிய அயனி துணைநிற்க, ஏடிபி வந்து பொருந்துகிறது. பொருந்தியதும், ஆக்டின் எனப்படும் மெல்லிழைப் புரதத்தைப் பற்றியிருந்த பிடி தளர்ந்து தலை விடுபடுகிறது. அதன்பின் நீர் மூலக்கூறு ஒன்று ஏடிபியின் கடைசி பாஸ்பேட்டைத் துண்டிக்க, ஏடிபி ஒரு பாஸ்பேட் குறைந்து அடினோசின் டைபாஸ்பேட்டாக மாறுகிறது. சிதைந்த துண்டுகள் இரண்டும் உடனே வெளியேறுவதில்லை. தலை சாய்ந்து, அடுத்த இடத்தில் ஆக்டினைப் பற்றிய பிறகே பாஸ்பேட் விரைந்து வெளியேறுகிறது. அப்போது தலை துடுப்புப்போல் வீசி, இழையை ஒரு மீட்டரின் நூறு கோடியில் பத்துப் பங்கு அளவுக்கு இழுக்கிறது. ஆக்டின் இல்லாத நிலையில் இவ்வெளியேற்றம் மிக மெதுவாகவே நிகழ்வதால், ஓய்விலுள்ள தசை ஏடிபியை வீணாக்குவதில்லை.

டைபாஸ்பேட்டும் நீங்கியபின் தலையின் பிடியை விடுவிக்க இன்னொரு ஏடிபி வந்தாக வேண்டும். இறந்த மீனில் அது வருவதில்லை என்பதால் பிடிகள் பூட்டிக்கொள்கின்றன. வலையில் நெடுநேரம் துடித்துச் செத்த மீன் விரைவில் விறைப்பதற்கும் கையிருப்பைத் துடிப்பிலேயே செலவழித்துவிடுவதுதான் காரணம். பின்னர்த் தசையின் நொதிகள் புரத இணைப்புகளை அரிப்பதால் உடல் மீண்டும் தளர்கிறது.

ஏடிபியின் சிதைவு அதோடு நிற்பதில்லை. படிப்படியாக அது ஐனோசினேட்டாக மாறுகையில் மீனுக்குச் சுவை கூடுகிறது. அதுவும் சிதைந்து ஹைப்போசாந்தினாகும்போது கசப்பு தலைகாட்டுகிறது. இச்சிதைவுப் பொருள்களின் விகிதத்தைக் கொண்டு மீனின் புதுமையை அளக்கும் முறையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1959இல் வகுத்தனர்.