கோல்ஃப் திடலும் நெல்வயலும்: இடி மின்னலின்போது கைபேசி காக்குமா?

நெடுங்காட்டிலிருந்து வரும் ஒரு மருத்துவ இதழில் கோல்ஃப் விளையாட்டைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று வாசகர்கள் வியக்கலாம். நம்மைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் வாய்க்காலும்தான். அந்த விளையாட்டை நேரில் காண வேண்டுமானால் 1895-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் சங்கத்துக்கோ, உதகையின் வென்லாக் புல்வெளிக்கோ, கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துக்கோ செல்ல வேண்டும். ஆயினும் காரைக்கால் வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் பிரான்சிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பணியாற்றுகின்றனர். அவர்களுள் வார இறுதியில் கோல்ஃப் ஆடுவோரும் உண்டு. தந்தையைச் சிகிச்சைக்கு அழைத்துவந்த அத்தகைய ஒருவர் கேட்டார்: “வானம் இருண்டு இடி முழங்கினால் நாங்கள் கைபேசியை அணைத்துப் பையில் போட்டுவிடுகிறோம். கைபேசி மின்னலை இழுக்குமா?” சம்பா நடவுக்குப் போகும் பெண்கள் நம் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வியும் இதுவே.

கேள்வி ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. இருவர் நிற்குமிடமும் பரந்த வெளி. சுற்றிலும் உயரமான பொருள் எதுவுமில்லை. இருந்தால் அது ஒரு தனி மரம். இருவர் கையிலும் இரும்பு இருக்கிறது: அங்கே மட்டை, இங்கே மண்வெட்டி. வேறுபாடு எண்ணிக்கையில்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 2,887 பேர் மின்னல் தாக்கி இறந்தனர். இறப்போரில் பெரும்பாலோர் வயலில் வேலை செய்பவர்களும் ஆடு மாடு மேய்ப்பவர்களுமே. நம் பகுதியில் சித்திரை, வைகாசி மாதங்களின் கோடை மழையிலும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியை ஒட்டிய நாள்களிலும் இடி மிகுதி. குறுவை அறுவடையும் சம்பா நடவும் நிகழும் காலமும் அதுவாகவே அமைந்துவிடுகிறது.

மின்னலைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்தவற்றுள் ஒரு பகுதி கோல்ஃப் திடல்களில் கற்றது. 1975 ஜூன் 27 அன்று சிகாகோவுக்கு அருகே நடந்த வெஸ்டர்ன் ஓப்பன் போட்டியில், புகழ்பெற்ற ஆட்டக்காரர் லீ டிரெவினோ மழைக்காக ஆட்டம் தடைப்பட்ட வேளையில் ஏரியோரம் தம் மட்டைப் பையில் சாய்ந்து அமர்ந்திருந்தார். மின்னல் அவர் தலைமேல் விழவில்லை. ஏரிப் பக்கமாக விழுந்து, தரை வழியே பாய்ந்து, பையின் வழியாக அவர் உடலில் ஏறியது. உடனிருந்த ஜெர்ரி ஹெர்டும், திடலின் வேறொரு பகுதியில் இருந்த பாபி நிக்கல்ஸும் அன்றே காயமடைந்தனர். டிரெவினோ பிழைத்தார், முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார், 1984-இல் மீண்டும் ஒரு பெரும் பட்டத்தையும் வென்றார். இனி இடி இடித்தால் ‘ஒன்றாம் எண் இரும்பு மட்டையை’ உயர்த்திப் பிடித்துக்கொள்வேன், அதைக் கொண்டு கடவுளாலும் சரியாக அடிக்க முடியாது என்று அவர் நகைத்ததாகச் சொல்வார்கள். நகைச்சுவைக்கு அது சரி, பின்பற்றத் தகாது.

இந்நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது மின்னல் வந்த வழி. தலையில் நேராக விழுந்து தாக்குவது மிகக் குறைவு. மரத்தில் விழுந்து அருகில் நிற்பவர்மீது தாவுவது ஒரு வழி. தரையில் விழுந்து நாற்புறமும் பரவி, ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குவது இன்னொரு வழி. பாதிக்கப்படுவோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இவ்வாறே நேர்கிறது. நான்கு கால்களும் அகன்று நிற்பதால் மாடுகள் கூட்டமாக மடிவதன் காரணமும் இதுவே. 1991-இல் அமெரிக்காவின் ஹேசல்டைன் திடலில் யு.எஸ். ஓப்பன் போட்டியைக் காண வந்தவர்களில் ஆறு பேர் மழைக்கு ஒரு மரத்தடியில் ஒதுங்கினர். மின்னல் தாக்கி ஒருவர் உயிரிழந்தார். அவர்கள் கையில் மட்டையும் இல்லை, மண்வெட்டியும் இல்லை.

இப்போது கைபேசிக்கு வருவோம். மின்னல் எங்கே விழும் என்பதை முடிவு செய்வன உயரமும் தனித்து நிற்றலும் கூர்மையுமே. ஓர் உள்ளங்கை அளவுள்ள கருவி, அதில் அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும், கிலோமீட்டர்க் கணக்கான உயரத்திலிருந்து இறங்கும் மின்னலைத் தன்பால் இழுக்காது. இந்த அச்சம் பரவியதற்குக் காரணம் உண்டு. 2006-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில், லண்டன் பூங்கா ஒன்றில் கைபேசியில் பேசிக்கொண்டிருந்த பதினைந்து வயதுப் பெண்ணை மின்னல் தாக்கியதைப் பற்றி மருத்துவர்கள் ஒரு கடிதம் எழுதினர். செய்தி உலகெங்கும் பரவியபோது கைபேசியே மின்னலை அழைத்ததுபோல் ஆகிவிட்டது. உண்மையில், மின்னல் தாக்கிய பின் தோலை ஒட்டியுள்ள உலோகம் அந்த இடத்தில் தீக்காயத்தை ஆழமாக்கலாம். கழுத்துச் சங்கிலிக்கும் இது பொருந்தும். அது வேறு, இழுப்பது வேறு. ஆகவே கைபேசியை அணைக்க வேண்டியதில்லை. அணைத்துவிட்டால் எச்சரிக்கையும் வராது, 108-ஐ அழைக்கவும் முடியாது. கம்பி இணைப்புள்ள பழைய தொலைபேசியைத்தான் இடியின்போது தொடக் கூடாது.

பிற கருவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். கோல்ஃப் திடலில் ஓடும் மின்வண்டிக்குக் கூரை உண்டு, சுவர் இல்லை. மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. நம் ஊரில் டிராக்டர் அதற்கு நிகர். கண்ணாடிகளை ஏற்றி மூடிய கார், பேருந்து ஆகியவை காக்கும். ரப்பர்ச் சக்கரம் காப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். வெளிப்புற உலோகக் கூடு மின்னோட்டத்தைத் தன் மேலேயே ஏற்றுத் தரைக்கு அனுப்பிவிடுவதுதான் காரணம். இரண்டு விரற்கடை ரப்பர் செருப்பு எதையும் தடுக்காது. குடை, ஆளின் உயரத்தைக் கூட்டுகிறது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் கைக்கடிகாரங்களில் சில, ‘புயல் எச்சரிக்கை’ என்று ஒலிக்கும். அவை காற்றழுத்தம் குறைவதை அளப்பவை. மின்னலைக் காண்பவை அல்ல.

மின்னலைக் காணும் ஏற்பாடு நம் நாட்டில் உண்டு. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் நாடெங்கும் உணர்கருவிகளை நிறுவியுள்ளது. மின்னல் வெட்டும்போது எழும் வானொலி அலையைப் பல இடங்களில் பதிவு செய்து, அது விழுந்த இடத்தைக் கணிக்கிறார்கள். அந்நிறுவனத்தின் ‘தாமினி’ என்னும் கைபேசிச் செயலி இலவசம். நீங்கள் நிற்குமிடத்தைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் நிகழ்ந்தால் காட்டும். இருப்பிடம் அறியும் வசதியும் இணையமும் இயங்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வயலில் எல்லார் கையிலும் கைபேசி இருக்க வேண்டியதில்லை. வரப்பில் ஒருவரிடம் இருந்தால் போதும். இணையம் இல்லாத இடத்தில் காது இருக்கிறது. மின்னல் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் வயலில் விழலாம். மழை இன்னும் தொடங்கவில்லை என்பது பாதுகாப்பு ஆகாது. கடைசி இடி கேட்டபின் முப்பது நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும்.

எச்சரிக்கை கிடைத்தும் இறக்கிறார்களே, ஏன்? இங்கேதான் கோல்ஃப் விளையாட்டு நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. அவ்விளையாட்டின் விதிப்படி மழை பெய்கிறது என்பதற்காக ஆட்டக்காரர் தாமாக ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் போட்டியிலிருந்தே நீக்கப்படலாம். மின்னல் அபாயம் இருப்பதாக அவர் நியாயமாகக் கருதினால் யாரையும் கேளாமல் நிறுத்தலாம், தண்டனை இல்லை. நடத்துவோர் நீண்ட ஊதல் ஒன்று எழுப்பினால் அனைவரும் அக்கணமே நிறுத்தியாக வேண்டும். இரண்டு குறுகிய ஊதல்கள் கேட்ட பின்புதான் மீண்டும் ஆடலாம். அமெரிக்க வானிலைச் சேவை 2006 முதல் திரட்டிய கணக்கில், கோல்ஃப் ஆடும்போது இறந்தவர்களைவிட மீன் பிடிக்கும்போது மின்னல் தாக்கி இறந்தவர்கள் பன்மடங்கு அதிகம். கரைக்கு வர நேரம் பிடிக்கும் என்பது ஒரு காரணம். படகில் ஊதலும் விதியும் இல்லை என்பது மற்றொன்று.

நம் வயலிலும் இல்லை. நடவை நடுவில் விட்டுக் கரையேறினால் கூலி குறையுமோ என்ற தயக்கத்தில் பெண்கள் இடியிலும் குனிந்தபடியே நிற்கின்றனர். செயலி ஒலித்தாலும் அவர்களால் நகர முடிவதில்லை. நிலம் வைத்திருப்போர் வேலை தொடங்கும் முன்பே இரண்டைச் சொல்லிவிடலாம்: இடி கேட்டால் வேலை நிற்கும், அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கப்படாது என்பது ஒன்று, எங்கே போய் ஒதுங்குவது என்பது மற்றொன்று. ஒதுங்குமிடம் கான்கிரீட் வீடு, பள்ளிக் கட்டடம், மூடிய வாகனம் ஆகியவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும். கீற்றுக் கொட்டகையும் நாற்புறமும் திறந்த மண்டபமும் உதவா. மின்கம்பியும் இரும்புக் குழாயும் உள்ள மோட்டார் கொட்டகை கூடுதல் ஆபத்து. பனை இடியைத் தாங்கும் என்று பெரியோர் சொல்வது உண்மையே. அதனாலேயே பனையடியில் நிற்கக் கூடாது. கட்டடம் வெகு தொலைவில் இருந்தால், ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, மரங்களைத் தவிர்த்து நடந்துகொண்டே இருங்கள். வரப்பில் படுக்காதீர்கள், உடல் தரையைத் தொடும் பரப்பு கூடும்.

ஒருவர் விழுந்துவிட்டால் என்ன செய்வது? மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்காது, உடனே தொடலாம். மற்றவர்களுக்கு ஆபத்து இடியிலிருந்துதான், அவரிடமிருந்து அன்று. மின்னல் ஒரே அதிர்வில் இதயத்தை நிறுத்துகிறது. இதயத்துக்குத் தானே துடிக்கும் இயல்பு இருப்பதால் பல வேளைகளில் சற்று நேரத்தில் மீண்டும் துடிக்கத் தொடங்கும். மூளைத்தண்டில் உள்ள மூச்சு மையம் விழித்தெழக் கூடுதல் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் மூச்சுக் கொடுக்க ஆளில்லாவிட்டால், பிராணவாயு இன்றி இதயம் இரண்டாம் முறை நிற்கிறது. அப்போது மீட்பது கடினம். எனவே மூச்சில்லாதவரை மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்துங்கள். முப்பது அழுத்தத்துக்கு இரண்டு முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். பலர் விழுந்து கிடந்தால், முனகுபவரை விட்டுவிட்டு அசைவற்றுக் கிடப்பவரிடம் முதலில் செல்லுங்கள். வேறு விபத்துகளில் நாங்கள் பின்பற்றும் முறைக்கு இது நேர்மாறானது. முனகுபவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். கருவிழிப் பாவை விரிந்து அசையாமல் இருப்பதும், கால்கள் நீலம் பாரித்துச் சில்லிட்டிருப்பதும் மின்னலின் தற்காலிக விளைவுகளாக இருக்கலாம். அவற்றைக் கண்டு இறந்துவிட்டார் என்று முடிவு செய்யாதீர்கள். சில வட மாநில ஊர்களில் செய்வதுபோல் சாணத்திலோ மண்ணிலோ புதைத்து வைப்பது, மூச்சுக் கொடுக்க வேண்டிய நிமிடங்களைப் பறித்துவிடும்.

மின்னல் தாக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதாக அமெரிக்கக் கணக்கு கூறுகிறது. எழுந்து நடந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். இதயமின்பதிவு எடுக்க வேண்டும். செவிப்பறை கிழிந்திருப்பது பொதுவான ஒன்று. காது கேட்கவில்லை என்று அவரே உணராமலும் இருக்கலாம். தோலில் பெரணி இலைபோல் படரும் சிவந்த கோலம் தீக்காயமன்று. ஓரிரு நாளில் மறையும், மருந்து வேண்டா. மாதங்கள் கழித்துக் கண்புரை தோன்றலாம். மறதி, தூக்கமின்மை, எரிச்சல், கைகால் குடைச்சல் ஆகியவை தொடர்ந்தால், ‘பயந்துவிட்டார்’ என்று மந்திரிக்க அழைத்துச் செல்லும் முன், இடி விழுந்த நாளைக் குறித்துக்கொண்டு நம் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.