மீனின் வயதை அறிவது எப்படி?

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்தே மாட்டின் வயதைச் சொல்லிவிடுவார்கள். வலையில் வந்த மீனின் வயதை எப்படிச் சொல்வது? நீளத்தை அளந்தால் போதாதா? போதாது. நல்ல இரை கிடைத்த இளமீன், இரை குறைந்த முதிய மீனைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

விடை மீனின் தலைக்குள் இருக்கிறது. எலும்பு மீன்களின் உட்செவியில் சுண்ணாம்புப் பொருளாலான சிறு கற்கள் உண்டு. இவற்றைச் செவிக்கற்கள் என்பர். மீன் வளர வளர இவற்றின்மேல் புதிய படலங்கள் படிகின்றன. குளிர்கடல்களில் கோடையில் வளர்ச்சி விரைவு, குளிர்காலத்தில் மந்தம். எனவே அகன்ற பட்டையும் குறுகிய பட்டையும் மாறி மாறி அமைகின்றன. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. கல்லை மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியில் வைத்து எண்ணுகிறார்கள். செதிலிலும் வளையங்கள் உண்டு. ஆனால், உதிர்ந்த செதிலுக்குப் பதிலாக முளைத்த செதிலில் பழைய கணக்கு இராது.

மன்னார் வளைகுடா போன்ற வெப்பக் கடல்களில் பருவ வேறுபாடு குறைவு. ஆண்டு வளையங்கள் பெரும்பாலும் தெளிவாக அமைவதில்லை. அங்கே என்ன செய்வது? இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, நாள் வளையம். செவிக்கல்லில் நாளொன்றுக்கு ஒரு நுண்வளையமும் படிகிறது என்பதை 1971-இல் பன்னெல்லா என்ற அறிவியலார் எடுத்துக்காட்டினார். இளமீன்களின் வயதை நாள் கணக்கிலேயே அறிய இது உதவுகிறது.

மற்றொன்று, நீள அளவு. மாதந்தோறும் கரைக்கு வரும் மத்தி மீன்களில் நூற்றுக்கணக்கானவற்றை அளந்து வரைபடம் தீட்டுகிறார்கள். ஒரே பருவத்தில் பிறந்தவை அதில் ஒரு முகடாகத் தெரியும். முகடு இம்மாதம் 10 செ.மீ.-இலும் அடுத்த மாதம் 11 செ.மீ.-இலும் இருந்தால், மாத வளர்ச்சி 1 செ.மீ. எனக் கொள்ளலாம்.

எண்ணியது சரிதானா என்று சோதிப்பதும் அவசியம். 2002-இல் பிஸ்கே விரிகுடாவில் ஹேக் என்னும் மீன்களுக்கு டெட்ராசைக்கிளின் வகை மருந்தை ஊசிமூலம் செலுத்தி, அடையாளமிட்டுக் கடலில் விட்டார்கள். மருந்து செவிக்கல்லில் ஒரு கோடாகப் பதிந்தது. புற ஊதா ஒளியில் அக்கோடு மிளிரும். மீண்டும் பிடிபட்டவற்றை ஆராய்ந்தபோது, அதுவரை எண்ணியதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் அவை வளர்ந்திருந்தன! வளையங்களை எண்ணிய முறை வயதைக் கூட்டிச் சொல்லி வந்திருக்கிறது.

இதனால் நமக்கென்ன? எந்த வயதில் மீன் முட்டையிடும், ஆண்டுக்கு எவ்வளவு பிடிக்கலாம், வலைக்கண் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பனவெல்லாம் இந்தக் கணக்கையே நம்பியுள்ளன. ஒருமுறையேனும் முட்டையிடுமுன் மீன்களை வாரிவிட்டால், மறு ஆண்டு வலையில் என்ன விழும்?