முன்னும் பின்னுமா? பக்கத்தில் பக்கத்திலா? - இரண்டு சீட் விமானத்துக்கு ஓர் எக்செல் கணக்கு

வீட்டுக் கணக்கு, மார்க் ஷீட், கல்யாண விருந்தினர் பட்டியல். எக்செல் என்றாலே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நினைவுக்கு வருவது இவைதான். அதே எக்செல்லில் ஒரு விமானம் பத்திரமாகப் பறக்குமா என்றும் கணக்குப் போடலாம்.

அமெரிக்காவில் பலர் தங்கள் விமானத்தைத் தாங்களே வீட்டு கராஜில் கட்டுகிறார்கள். பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும். துளையிட்டு, ரிவெட் அடித்துச் சேர்க்க வேண்டும். வேலையில் பெரும்பகுதியைச் சொந்த ஆர்வத்துக்காகச் செய்பவர்களே செய்திருந்தால்தான் அந்நாட்டு விமானத் துறை அதை 'வீட்டில் கட்டியது' என்று ஏற்கும். ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைப்பு வாங்கும் வேலை இது. முதல் பெட்டியை ஆர்டர் செய்யும்போதே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு சீட்டும் ஒன்றன்பின் ஒன்றாகவா, பக்கத்தில் பக்கத்திலா? பாதி கட்டிய பிறகு மாற்ற முடியாது.

ஒரே கம்பெனி, இரண்டு பதில்

ஓரிகான் மாநிலத்தில் உள்ள வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தை ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் 1973-இல் தொடங்கினார். 1979-இல் பறந்த ஆர்வி-4 விமானத்தில் சீட்டுகள் முன்பின்னாக இருந்தன. 1980-களின் நடுவில் வந்த ஆர்வி-6-இல் அவை பக்கத்தில் பக்கத்தில். பின்னர் வந்த ஆர்வி-8 முன்பின் வகை, ஆர்வி-7 பக்கவாட்டு வகை. இந்தக் கடைசி இரண்டுக்கும் ஒரே மாதிரி இன்ஜின்களைப் பொருத்தலாம். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் ஒன்றே: சுமார் 816 கிலோ. வேகத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

முன்பின் சீட்

* பைலட் நடுக்கோட்டில் உட்காருவதால் இடமும் வலமும் ஒரே மாதிரி தெரியும். குட்டிக்கரணம் போடும் சாகசப் பறத்தலுக்கு வசதி.
* ஆர்வி-8-இல் வலது கையில் ஸ்டிக், இடது கையில் த்ராட்டில். போர் விமானத்தில் உட்கார்ந்த உணர்வு வரும்.
* பின்னால் இருப்பவருக்கு முன்னே தெரிவது பைலட்டின் முதுகு. கருவிகள் சரியாகத் தெரியாது.
* டேஷ்போர்டு குறுகியது. பெரிய டிஜிட்டல் திரைகளுக்கு இடம் குறைவு.

பக்கவாட்டு சீட்

* இருவரும் மேப்பையும் திரைகளையும் சேர்ந்து பார்க்கலாம். முகம் பார்த்துப் பேசலாம். பக்கத்தில் இருப்பவருக்குப் பயம் வந்தாலோ வயிற்றைப் புரட்டினாலோ பைலட்டுக்கு உடனே தெரியும்.
* அகலமான டேஷ்போர்டு. இரண்டு பெரிய திரைகள் தாராளமாகப் பொருந்தும்.
* வலப்பக்கம் திரும்பும்போது பக்கத்தில் இருப்பவர் பார்வையை மறைப்பார்.
* இருவரும் வாட்டசாட்டமானவர்கள் என்றால் தோளும் தோளும் இடிக்கும்.

இதுவரை சொன்னது வசதி பற்றி. இனி வருவது உயிர் பற்றியது.

எடை எங்கே உட்காருகிறது?

ஸ்கேலை ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள். ஏதோ ஒரு புள்ளியில்தான் நிற்கும். விமானத்துக்கும் அப்படி ஓர் ஈர்ப்பு மையம் உண்டு. அது குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தாக வேண்டும். அளவுக்கு மீறி முன்னால் போனால் தரையிறங்கும்போது மூக்கைத் தூக்குவது கடினம். பின்னால் போனால் ஸ்டிக் லேசாகிவிடும். வேகம் குறைந்து விமானம் விழத் தொடங்கினால் மீட்பது கடினம், சில சமயம் முடியாமலே போகும்.

எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதைச் செய்யலாம்.

1. நான்கு தலைப்புகளை டைப் செய்யுங்கள்: பொருள், எடை, தூரம், பெருக்கல். தூரம் என்பது விமானத்தின் முன்பக்கத்தில் குறித்த ஒரு புள்ளியிலிருந்து அளப்பது.

2. கீழே உள்ள எண்களை நிரப்புங்கள். இவை பயிற்சிக்கான கற்பனை எண்கள்.
காலி விமானம்: 480 கிலோ, 2.00 மீட்டர்
பைலட்: 75 கிலோ, 2.30 மீட்டர்
பின் சீட்டில் இருப்பவர்: 75 கிலோ, 3.00 மீட்டர்
பெட்ரோல்: 100 கிலோ, 2.00 மீட்டர்

3. 'பெருக்கல்' செல்லில் சமக்குறி (=) போட்டு, எடை உள்ள செல்லைக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி (*) தட்டி, தூரம் உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். அந்த செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிகளும் நிரம்பிவிடும்.

4. எடை வரிசையையும் பெருக்கல் வரிசையையும் ஆட்டோசம் பட்டனால் கூட்டுங்கள். பெருக்கல் கூட்டுத்தொகையை எடைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கிடைக்கும்.

விடை 2.134 மீட்டர். பின்பக்க எல்லை 2.14 என்று வைத்துக்கொள்வோம். பறக்கலாம் போலிருக்கிறதே!

அவசரப்பட வேண்டாம். பெட்ரோல் எடையை 100-லிருந்து 10 ஆக மாற்றுங்கள். பறந்து முடித்து இறங்கும் நேரத்து நிலை இது. விடை 2.152 ஆகிவிடும். கிளம்பும்போது எல்லைக்குள் இருந்த விமானம் இறங்கும்போது எல்லையைத் தாண்டிவிட்டது! டேங்க் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருப்பதால், பெட்ரோல் தீரத் தீர மையம் பின்னால் நகர்கிறது.

இப்போது இருவரின் தூரத்தையும் 2.40 ஆக மாற்றிப் பக்கவாட்டு சீட்டாக்குங்கள். பெட்ரோல் 100 கிலோ இருந்தால் 2.082, 10 கிலோ இருந்தால் 2.094. இரண்டும் எல்லைக்குள். முன்பின் சீட்டில் பின்னால் ஒருவர் ஏறினால் மையம் சுமார் 10 சென்டிமீட்டர் நகரும். பக்கவாட்டில் சுமார் 4 சென்டிமீட்டர்தான்.

முன்பின் சீட் ஆபத்தானது என்று இதற்கு அர்த்தமில்லை. வடிவமைப்பவர்கள் இதையும் எண்ணித்தான் எல்லைகளை வகுக்கிறார்கள். ஆனால் பின்னால் யார் ஏறுகிறார், எவ்வளவு லக்கேஜ் என்று ஒவ்வொரு முறையும் கவனமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். பைப்பர் ஜே-3 கப் என்ற பழைய விமானத்தைத் தனியாக ஓட்டுபவர் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும். காரணம் இதே கணக்குதான்.

ஓட்டியும் பார்க்கலாம்

ஃப்ளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரில் பக்கவாட்டு சீட் உள்ள செஸ்னா 172 உண்டு. எக்யூப்மென்ட் மெனுவில் 'ஃப்யூல் அண்டு பேலோட்' கிளிக் செய்தால் ஆட்கள், லக்கேஜ், பெட்ரோல் எடைகளை மாற்றலாம். லக்கேஜ் எடையை ஏற்றிக்கொண்டே போய் விமானம் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள்.

சாகசமும் தனிப் பறத்தலும்தான் ஆசை என்றால் முன்பின். துணையோடு ஊர் சுற்றப் போகிறீர்கள் என்றால் பக்கவாட்டு. எதுவானாலும், கிளம்பும்போது ஒரு முறை, இறங்கும்போது இருக்கும் பெட்ரோலுக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை கணக்குப் போட வேண்டும். நிஜ விமானத்துக்கு அதன் கையேட்டில் உள்ள எண்களும், தராசில் நிறுத்த எடையும் மட்டுமே செல்லும்.

ஃபைலை சேவ் செய்ய மறக்காதீர்கள்!