புலியைக் காணாமல் திரும்பிய பிள்ளைகள்



பள்ளிச் சுற்றுலாவாகத் தாமான் நெகாராவுக்குப் போய்வரும் பிள்ளைகள் வீட்டில் ஆயிரம் கதை சொல்வார்கள். தெம்பெலிங் ஆற்றில் படகேறியது, கோலா தஹானில் மரங்களின் உச்சியிலே கட்டிய தொங்குபாலத்தில் நடந்தது எல்லாம் சொல்லிவிட்டு, "புலியை மட்டும் பார்க்கவில்லை" என்று முகம் வாடுவார்கள். ஏன் பார்க்கவில்லை? இன்று அதைச் சிறிது சிந்திப்போம்.

புலி மனிதனைக் கண்டால் ஒதுங்கும் பிராணி, தனித்தே திரியும். ஆனால் அது மட்டும் காரணமன்று. 1950ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்போ, காட்டில் 150க்கும் குறைவாகவே உள்ளன என்று காட்டியது.

காட்டுப் புலியை எப்படி எண்ணுவது? மரத்தில் கட்டிய கேமரா, விலங்கு கடக்கும்போது தானே படம் பிடிக்கும். நம் கைரேகை போல ஒவ்வொரு புலியின் வரியும் வேறு. ஆகவே ஒரே புலியை இருமுறை எண்ண வேண்டியதில்லை.

புலி ஏன் குறைந்தது? காடு குறைந்தது, நாம் பிழைக்கும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களும் ஒரு காலத்தில் காடாக இருந்தவையே. தோலுக்கும் எலும்புக்கும் ஆசைப்பட்டுக் கள்ளத்தனமாக வேட்டையாடுவோர் மற்றொரு காரணம். அவர்களின் கொடிய ஆயுதம் கம்பிக் கண்ணி.

காட்டுப்பன்றிக்குத்தானே வைத்தோம் என்று சிலர் சொல்வதுண்டு. கண்ணிக்குப் பன்றி எது, புலி எது என்று தெரியாது. காலில் விழுந்த கம்பி, இழுக்க இழுக்க எலும்புவரை அறுக்கும். தப்பினாலும் நொண்டிப் புலியால் மானைத் துரத்த முடியாது. அது ஆட்டையும் மாட்டையும் தேடி மனிதர் வாழும் இடத்துக்கு வரும். அப்போது ஆபத்து நமக்குத்தான். தாய்ப்புலி செத்தாலோ, ஏறக்குறைய இரண்டாண்டு அதை நம்பியிருக்கும் குட்டிகளும் பிழைப்பது அரிது.

"புக்கிட் செலம்பாவில் இருக்கும் நமக்கு இதில் என்ன?" என்று கேட்கலாம். ஊலு மூடா காட்டில் பெய்யும் மழைதான் மூடா, பெடு, ஆனிங் அணைகளில் சேர்ந்து கெடா மாநிலத்தின் வயலுக்கும் வீட்டுக்கும் வருகிறது. காடு அழிந்தால் புலிக்கு வீடில்லை. நமக்கும் தண்ணீர் இல்லை.

2022இல் திருத்தப்பட்ட சட்டம், வனவிலங்குக் குற்றங்களுக்கு 10 லட்சம் வெள்ளிவரை அபராதமும் 15 ஆண்டுவரை சிறையும் விதிக்க இடமளிக்கிறது. ஆனால் சட்டத்துக்கு நம் கண்களும் துணை வேண்டும். தோட்ட ஓரத்தில் கண்ணியைக் கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்து, பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு இலாகாவுக்குத் தெரிவிப்போம். காட்டிறைச்சி மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதிருப்போம்.

நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. சின்னத்தில் மட்டுமே புலியைக் காணும் நிலை நம் பேரப்பிள்ளைகளுக்கு வரவேண்டாம்.