மோதிரம் கிடைத்தால் கல்யாணம்!
அயர்லாந்தின் உருளைக்கிழங்கு விருந்து

பண்டிகை என்றால் வடை, பாயசம் நமக்கு. அயர்லாந்து மக்களுக்கோ, மசித்த உருளைக்கிழங்கு!

அதுவும் சும்மா இல்லை. அந்த மசியலுக்குள் ஒரு மோதிரம் ஒளிந்திருக்கும். யார் தட்டில் மோதிரம் விழுகிறதோ, அவருக்கு ஓராண்டுக்குள் கல்யாணம் என்பது நம்பிக்கை.

அந்தப் பண்டிகையின் பெயர் "ஹாலோவீன்". அக்டோபர் 31-ந் தேதி இரவு கொண்டாடப்படுகிறது. இன்று அமெரிக்கா முழுவதும் பேய் வேடம் போட்டு அமர்க்களப்படுத்தும் இந்தப் பண்டிகைக்குத் தாய்வீடு அயர்லாந்தும், அதை அடுத்த ஸ்காட்லாந்தும்தான்.

அறுவடை முடிந்தது

பழங்காலத்தில் அங்கே இதற்கு "சௌவின்" என்று பெயர். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாள் அது. அன்று இறந்தவர்களின் ஆவி வீடு தேடி வரும் என்று நம்பினார்கள். அதனால் மேஜையில் அவர்களுக்கும் ஒரு பங்கு உணவு எடுத்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. முன்னோருக்குப் படையல் போடும் நமக்கு இது புதிதல்ல.

கிறிஸ்தவ மதம் பரவிய பிறகு, நவம்பர் 1-ந் தேதி சகல புனிதர்கள் திருநாளாகவும், 2-ந் தேதி கல்லறைத் திருநாளாகவும் ஆயின. திருநாளுக்கு முந்தைய நாள் புலால் உண்ணக் கூடாது என்பது அந்தக் காலத்தில் கத்தோலிக்கர்களின் விதியாக இருந்தது. எனவே ஹாலோவீன் இரவு விருந்து சைவ விருந்தாகவே அமைந்தது. கிழங்கும், கோஸும், பாலும், வெண்ணெயும்தான் அதில் பிரதானம்.

கோல்கேனன்

விருந்தின் நாயகன் "கோல்கேனன்". செய்வது சுலபம்.

உருளைக்கிழங்கு 1 கிலோ, முட்டைகோஸ் அரை கிலோ, வெங்காயத்தாள் 6, பால் 200 மில்லி, வெண்ணெய் 100 கிராம், உப்பு, மிளகுத்தூள். இவ்வளவுதான்.

கிழங்கைத் தோலுடன் வேக வைக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் தோலை உரித்து, கட்டியில்லாமல் மசிக்க வேண்டும். ஆறிய கிழங்கை மசித்தால் பசை போல ஆகிவிடும். கோஸைப் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டு வேக வைத்து, தண்ணீரை ஒட்டப் பிழிந்துவிட வேண்டும். வெங்காயத்தாளை நறுக்கிப் பாலில் போட்டுக் கொதிக்க வைத்து, சூட்டோடு கிழங்கில் ஊற்றிக் கிளற வேண்டும். பிறகு கோஸ், பாதி வெண்ணெய், உப்பு, மிளகுத்தூள் சேர்க்க வேண்டும்.

பரிமாறும்போது நடுவில் குழி செய்து, மீதி வெண்ணெயை அதில் போடுவார்கள். அது உருகிக் குளம் போல நிற்கும். ஓரத்திலிருந்து எடுத்து, வெண்ணெயில் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவது வழக்கம்.

அயர்லாந்தில் கோஸுக்குப் பதில் "கேல்" என்ற சுருட்டைக் கீரையையும் போடுவார்கள். நம் ஊரில் கோஸே போதும்.

மோதிரத்துடன் காசு, பித்தான், தையல்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் ஆகியவற்றையும் காகிதத்தில் சுற்றி உள்ளே வைப்பது உண்டு. காசு கிடைத்தால் பணம் சேரும். பித்தான் கிடைத்த ஆணுக்கும், அங்குஸ்தான் கிடைத்த பெண்ணுக்கும் கல்யாண யோகம் இல்லை! குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த விளையாட்டு வேண்டாம். விழுங்கிவிட்டால் ஆபத்து.

தேநீரில் ஊறிய ரொட்டி

இனிப்புக்கு "பார்ம்பிராக்". புள்ளி போட்ட ரொட்டி என்று பொருள். உலர்ந்த திராட்சைதான் அந்தப் புள்ளி.

திராட்சை 350 கிராமை, பால் சேர்க்காத 300 மில்லி தேநீரில் இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும். மறுநாள் மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், நாட்டுச் சர்க்கரை 125 கிராம், ஒரு முட்டை, கொஞ்சம் பட்டைத்தூள் சேர்த்துக் கலந்து, 180 டிகிரி சூட்டில் சுமார் ஒரு மணி நேரம் அவனில் வைத்தால் ரொட்டி தயார். இதிலும் மோதிரம் உண்டு. கடையில் விற்கும் ரொட்டியில்கூட இன்றும் மோதிரம் வைத்து விற்கிறார்கள்.

கிழங்கு அழுகியது

இவ்வளவு கொண்டாட்டத்துக்கும் அடியில் ஒரு சோகக் கதை இருக்கிறது.

தென் அமெரிக்காவில் பிறந்த உருளைக்கிழங்கு, 16-ம் நூற்றாண்டின் கடைசியில் அயர்லாந்துக்கு வந்தது. சிறு துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்துக்கே சோறு போட்டது. 1840-களில் சுமார் 30 லட்சம் ஏழைகள் கிழங்கையும் மோரையும் மட்டுமே நம்பி வாழ்ந்தார்கள். உழைக்கும் ஆள் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிலோ வரைகூடச் சாப்பிட்டார்.

1845-ல் பூஞ்சை போன்ற ஒரு கிருமியால் வரும் நோய் தாக்கியது. தோண்டிய கிழங்கு கையிலேயே கறுத்து அழுகியது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நோய் திரும்பியது. சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். அதே நேரத்தில், அங்கே விளைந்த தானியம் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது! விளையாமல் போனது கிழங்கு மட்டுமே. தானியம் வாங்க ஏழை கையில் காசு இல்லை.

அப்போது உதவி அனுப்பிய முதல் ஊர்களில் ஒன்று, நமது கல்கத்தா. 1846-ல் அங்கே நிதி திரட்டப்பட்டது. கம்பெனி ராணுவத்தில் இருந்த ஐரிஷ் சிப்பாய்கள் மட்டுமல்ல, இந்தியர்களும் கொடுத்தார்கள். சுமார் 14 ஆயிரம் பவுன் போய்ச் சேர்ந்தது.

1841-ல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை, 1851-ல் 65 லட்சமாகக் குறைந்தது. அந்தத் தீவு முழுவதும் சேர்த்தாலும் பழைய எண்ணிக்கையை இன்னும் எட்டவில்லை.

போன இடத்தில் பண்டிகை

தப்பியவர்களில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கப்பல் ஏறினார்கள். பெரும்பாலோர் போய் இறங்கியது அமெரிக்கா.

அங்கே மார்ச் 17-ந் தேதி, தங்கள் காவல் புனிதர் பேட்ரிக்கின் நாளைக் கொண்டாட விரும்பினார்கள். ஊரில் அன்று உப்பிட்ட பன்றி இறைச்சியும் கோஸும் சமைப்பது வழக்கம். நியூயார்க்கில் அந்த இறைச்சி விலை அதிகம். பக்கத்துத் தெரு யூதர் கடையில் உப்பிட்ட மாட்டிறைச்சி மலிவாகக் கிடைத்தது. அதை வாங்கிக் கோஸுடன் வேக வைத்தார்கள். இன்று அமெரிக்காவில் "ஐரிஷ் விருந்து" என்றாலே அதுதான். அயர்லாந்துக்காரர்களோ, "இது எங்கள் ஊர்ச் சமையல் இல்லையே" என்று சிரிக்கிறார்கள்!

ஊர் விட்டு ஊர் போய், கிடைத்த சாமானை வைத்துப் பொங்கலும் தீபாவளியும் கொண்டாடுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும்.

தங்களைக் கைவிட்ட கிழங்கை அயர்லாந்து மக்கள் கைவிடவில்லை. பஞ்சம் தீர்ந்த பின்னும் அதையே பண்டிகைத் தட்டில் வைத்தார்கள். நடுவில் வெண்ணெய்க்குக் குழி செய்தார்கள். உள்ளே ஒரு மோதிரத்தையும் வைத்தார்கள்.