டி செல்களின் பள்ளிக்கூடம்

திண்டுக்கல் பட்டறைகளில் பூட்டும் சாவியும் ஒன்றாகவே பிறக்கின்றன. உள்ளே இருக்கும் லீவர்களுக்குப் பொருந்தும்படி சாவியின் பற்களை அரத்தால் ராவுகிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைவேலையில் பூட்டைப் பார்க்காமல் சாவி வெட்டுவது கிடையாது. நம் உடலோ அதைத்தான் செய்கிறது. நாளை எந்தக் கிருமி வரும் என்று தெரியாமலே கோடிக்கணக்கான சாவிகளை வெட்டி வைக்கிறது. அவற்றைச் சுமப்பவை டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு செல்கள்.

டி செல்களாக வளரப்போகும் இளம் செல்கள் எலும்பு மஜ்ஜையில் தோன்றி, நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பிக்கு வருகின்றன. இந்தச் சுரப்பியால் பயனில்லை என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். பிறந்த உடனே தைமஸ் அகற்றப்பட்ட எலிகள் நோயை எதிர்க்க முடியாமல் போவதை 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் காட்டிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

தைமஸில் ஒவ்வொரு செல்லும் தன் மரபணுத் துண்டுகளைக் கலைத்து ஒட்டி, தனக்கென ஓர் ஏற்பியை ஆக்கிக்கொள்கிறது. அதுதான் அதன் சாவி. குருட்டாம்போக்கில் நடக்கும் வேலை என்பதால் சில ஏற்பிகள் எதற்கும் உதவாது. சில நம் உடலையே தாக்கும். அதனால்தான் இரண்டு தேர்வுகள்.

டி செல் கிருமியை முழுதாகப் பார்ப்பதில்லை. நம் செல்கள் தம் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. மூலக்கூறுகளில் ஏந்திக் காட்டும் புரதத் துணுக்குகளைத்தான் பார்க்கிறது. அந்த மூலக்கூற்றை ஓரளவாவது பற்றத் தெரியாத செல் சில நாட்களில் மடிகிறது. இது முதல் தேர்வு.

இரண்டாவது இன்னும் வியப்பானது. தைமஸின் உட்பகுதிச் செல்கள், ‘ஏயர்’ என்ற மரபணுவின் துணையால், கணையத்தில் சுரக்கும் இன்சுலின் உட்பட மற்ற உறுப்புகளின் புரதங்களையும் தாமே சிறிதளவு தயாரித்துக் காட்டுகின்றன. அவற்றை இறுகப் பற்றும் டி செல்களில் பெரும்பாலானவை அழிக்கப்படுகின்றன. சில, மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் காவல் செல்களாக மாறுகின்றன. நூற்றுக்கு ஐந்துகூடத் தேறி வெளியே வருவதில்லை. இத்தனை இழப்பைத் தாங்கித்தான் உடல் ‘நான்’ எது என்று கற்கிறது.

அப்படியும் சில தப்பிவிடும். இன்சுலின் சுரக்கும் செல்களை டி செல்களே தாக்குவதால் வருவது முதல் வகை நீரிழிவு. இத்தகைய தாக்குதலைத் தடுக்கும் காவல் செல்களைப் பற்றிய ஆய்வுக்காக ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவரும் 2025-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் இடது கையில் போடும், காசநோயைத் தடுப்பதற்கான பி.சி.ஜி. ஊசி இந்தச் செல்களை நம்பித்தான் போடப்படுகிறது. காசநோய்க் கிருமி, அதை விழுங்கிய செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழும். உள்ளே கிருமி இருப்பதைத் துணுக்கு பார்த்துக் கண்டுகொண்டு, அதைக் கொல்லும்படி அந்தச் செல்லைத் தூண்டுவது டி செல். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. பலன் தரவில்லை என்று செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கிய பெரும் ஆய்வு காட்டியது. ஆனால் பச்சிளங்குழந்தைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது. பிறக்கும் முன்பே தைமஸ் வேலையைத் தொடங்கிவிடுவதால், கற்றுக்கொள்ளத் தயாரான டி செல்களோடுதான் குழந்தை பிறக்கிறது. அந்த ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.