முதலில் தண்ணீர், பிறகு வைத்தியர்

சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடா கரைத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கண்ணில் ஒரு துளி தெறித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனிருப்போர் பதறுகின்றனர். ஒருவர் வண்டி பிடிக்க ஓடுகிறார். மற்றொருவர் எண்ணெய் தேடுகிறார். வேறொருவர் எலுமிச்சஞ்சாறு விட்டால் காரம் முறியும் என்கிறார். இவ்வாறு ஐந்து நிமிடம் கழிகின்றது. அதற்குள் கெட்ட பார்வையைப் பின்னர் எந்த வைத்தியராலும் மீட்க இயலாமற் போகலாம். பக்கத்திலேயே ஒரு குடம் நல்ல தண்ணீர் இருந்தும் அதை எவரும் தொடவில்லை!

நம் அங்கத்தினர்களுள் நூலுக்குச் சாயமிடுவோரும் பயிருக்குப் பூச்சிமருந்து தெளிப்போரும் கையாளும் பொருள்கள் பல அபாயமானவை. ஆகவே, விபத்து நேர்ந்தவுடன் செய்யத் தக்கவற்றையும் தகாதவற்றையும் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

காரமும் அமிலமும்

காஸ்டிக் பட்ட விரல்கள் வழுவழுப்பாவதைச் சாயமிடுவோர் அறிவர். தோலிலுள்ள கொழுப்பைக் காரம் சவர்க்காரமாக மாற்றுவதே அதற்குக் காரணம். அமிலம் பட்டால் எரிச்சல் உடனே தோன்றும். காரமோ தொடக்கத்தில் அதிக வலி தராமலேயே ஆழ ஊடுருவக்கூடும். ஆதலின், வலி இல்லையென்று வாளாவிருத்தல் கூடாது.

தோலில் பட்டது உலர்ந்த தூளாயின் முதலில் அதைத் தட்டிவிடுக. பின்னர் ஓடும் தண்ணீரில் 20 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவுக. கழுவும்போதே நனைந்த துணி, மோதிரம், அரைஞாண் ஆகியவற்றை அகற்றுக. புண்ணோடு ஒட்டிய துணியை மட்டும் பிய்த்தெடுத்தல் ஆகாது. கண்ணாயின், பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்புறமாக இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமைகளை விரலால் விரித்து, சுத்தமான தண்ணீரை 30 நிமிடமேனும் விடுக. அதன்பின் வைத்தியசாலைக்குச் செல்லும் வழியிலும் விட்டுக்கொண்டே செல்லுதல் நன்று.

எலுமிச்சஞ்சாறு, காடி முதலியவற்றை இடுதல் தவறு. காரமும் அமிலமும் சேரும்போது வெப்பம் உண்டாகிப் புண்ணை மிகுவிக்கும். எண்ணெயும் மஞ்சளும் கழுவுதலுக்குத் தடையாகும்.

நச்சு வாயு

பிளீச்சிங் பவுடருடன் அமிலம் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஹைட்ரோஸ் ஈரம் பட்டால் சூடேறிக் கந்தகப் புகையை விடும், தீப்பற்றுதலும் உண்டு. மூச்சுத் திணறுபவரை நல்ல காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுவந்து நிமிர்த்தி உட்கார வைக்கவேண்டும். ஆனால் வாயு நிறைந்த அறையினுள் கண்மூடித்தனமாகப் பாய்பவர் இரண்டாவது நோயாளியாவார். முதலில் கதவு சன்னல்களைத் திறந்துவிடுக. இருமல் தணிந்த பின்னரும் சில மணி நேரங் கழித்து நுரையீரல் பாதிக்கப்படலாம்; எனவே வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும்.

பூச்சிமருந்து

2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர் பலர் நஞ்சேறி மாண்டனர். பூச்சிமருந்தை வாயால் உண்டால்தான் கேடு என்பதன்று. தோல் வழியும் மூச்சு வழியும் அது உடலில் ஏறும். வியர்வையில் நனைந்த சட்டையே நஞ்சுக் கச்சையாகிவிடுகின்றது.

மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் பெருகுதல், வாந்தி, கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு ஆகியவை தோன்றினால் தெளித்தலை உடனே நிறுத்துக. துணிகளைக் களைந்து, தலைமயிரும் நகக்கண்ணும் உட்பட உடல் முழுவதும் சவர்க்காரமிட்டுக் கழுவுக. உதவுவோர் வெறுங்கையால் அத்துணிகளைத் தொடலாகாது. நினைவிழந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.

மருந்தையோ காரத்தையோ விழுங்கியவருக்கு உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்தல் பெருந்தவறு. காரம் இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போது மீண்டும் சுடும். வாந்தி மூச்சுக்குழலில் புகுந்து உயிருக்கே இறுதியாகலாம். 108-க்குத் தெரிவித்து, மருந்துப் புட்டியின் சீட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால் வைத்தியர் சிகிச்சையை உடனே தொடங்க இயலும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

சாயத்தொட்டிதோறும் குழாயோ, மூடிய நல்ல தண்ணீர்ப் பீப்பாயோ இருத்தல் வேண்டும். காஸ்டிக்கைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி அதன்மேல் தண்ணீரை ஊற்றலாகாது என்பதைச் சுவரில் எழுதி வைக்கவேண்டும். பானப் புட்டிகளில் மருந்து ஊற்றி வைக்கும் பழக்கத்தை அறவே ஒழிக்கவேண்டும். இவற்றிற்கு ஆகும் செலவு சொற்பமே; காக்கப்படுவதோ நம் அங்கத்தினரின் கண்ணும் உயிரும்.